நீலக் கண்ணும் களக்காட்டுக் குழியும்

ரொம்ப நாளைக்கு அப்புறம் இலஞ்சிக்குப் போயிருந்தேன். சீசன் நேரம். குற்றாலத்துப் பக்கமிருந்து சாரல் வந்து முகத்துல அடிச்சா மனசு லேசாயிடும். ஆனா இந்தத் தடவை அந்தச் சாரல் மேலயே கோபம். போன வருஷம் இதே சாரல்ல பாசி பிடிச்ச புறவாசல் படியிலதான் அம்மா வழுக்கி விழுந்தாங்க. இடுப்பெலும்பு முறிஞ்சு, ஆபரேஷன் ஆகி, இன்னும் கட்டில்தான். நாற்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளியில பிள்ளைகளுக்குக் கதை சொன்னவங்க.

பார்க்க வர்றவங்க எல்லாரும், "ஆண்டவர் காரணம் இல்லாம எதையும் செய்ய மாட்டாருக்கா" என்று சொல்லி, காப்பி குடிச்சிட்டுக் கிளம்புவாங்க. அம்மா தலையாட்டுவாங்க. அவங்க போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாங்க.

ஒரு ராத்திரி கரண்ட் இல்லை. "அந்த டோனாவூர் அம்மா கதையச் சொல்லேம்மா" என்றேன், சின்னப் பிள்ளை மாதிரி.

எங்க பக்கத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். ஏமி கார்மைக்கேல், 1867-ல் அயர்லாந்தில் பிறந்தவர். சின்ன வயசுல, அம்மாவுக்கு இருக்கிற மாதிரி தனக்கும் நீலக் கண் வேணும்னு ஜெபம் பண்ணிட்டுத் தூங்கினார். காலையில ஓடிப்போய் கண்ணாடி பார்த்தா, அதே பழுப்புக் கண்! பின்னாடி சீனாவுக்குப் போக ஆசைப்பட்டார். உடல்நிலை சரியில்லைன்னு மறுத்துட்டாங்க. ஜப்பான் போனார், அங்கேயும் உடம்பு தாங்கலை. 1895-ல் இந்தியா வந்தார். 1901-லிருந்து டோனாவூரில், கோயில்களுக்கு விடப்பட இருந்த பெண் குழந்தைகளைக் காப்பாற்றி வளர்த்தார். சேலை கட்டி, தோலில் காப்பிச் சாயம் பூசி வெளியே போனபோது அந்தப் பழுப்புக் கண்தான் அவரைக் காட்டிக்கொடுக்காம இருந்ததுன்னு சொல்லுவாங்க.

கதை வழக்கமா இங்கே முடியும். அன்னைக்கு அம்மா முடிக்கலை.

"கண்ணுக்குக் காரணம் தெரிஞ்சு போச்சு, சரி. களக்காட்டுக் குழிக்கு என்னய்யா காரணம்?"

1931 அக்டோபரில் களக்காட்டில், வைத்தியசாலைக்காக எடுத்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர், இருட்டுற நேரத்துல புதுசா வெட்டின குழியில விழுந்தார். கால் முறிஞ்சுது. அதுக்கப்புறம் 1951 ஜனவரியில் இறக்கிற வரைக்கும் பெரும்பாலும் படுக்கைதான். கிட்டத்தட்ட இருபது வருஷம்!

நான் என்ன பதில் சொல்றது? எனக்குத் தெரிஞ்ச ஒண்ணைச் சொன்னேன். அந்தப் படுக்கையிலிருந்து அவர் நிறைய எழுதினார். 1933-ல் வந்த 'ரோஸ் ஃப்ரம் ப்ரையர்' நோயாளிகளுக்காக ஒரு நோயாளி எழுதினது. நல்லா இருக்கிறவங்க படுத்திருக்கிறவங்களுக்கு எழுதின ஆறுதல் புத்தகங்கள் தனக்கு ஒட்டவே இல்லைன்னு அதுல வெளிப்படையா சொல்லியிருக்கார்.

அம்மா சிரிச்சாங்க. பல மாசம் கழிச்சு. "அவங்களுக்கும் ஆள் வந்து காப்பி குடிச்சிட்டுப் போயிருப்பாங்க போல!"

மறுநாள் காலையில போன் கேட்டாங்க. ஓய்வுநாள் பள்ளியில அம்மாகிட்ட படிச்ச ஒரு அக்கா, இப்போ தண்டுவடத்துல பிரச்சினையாகிப் படுத்திருக்காங்களாம். ரெண்டு பேரும் அரைமணி நேரம் பேசினாங்க. ஆண்டவரைப் பத்தி கொஞ்சம். படுக்கைப் புண்ணுக்கு என்ன போடுறதுங்கிறதைப் பத்தி நிறைய.

எனக்கு உடனே ஒரு பாடம் கிடைச்ச மாதிரி ஆயிடுச்சு. "பாத்தியாம்மா, இதுக்குத்தான்..." என்று ஆரம்பிச்சேன்.

"இதுக்காகத்தான் விழுந்தேன்னு எங்கேயாவது எழுதி வச்சிராதே. யோபுவுக்கே கடைசி வரை காரணம் சொல்லலை, எனக்கா சொல்லப் போறாரு? ஏன்னு அவருக்குத் தெரியும். நாளைக்கும் அவளைக் கூப்பிடணும். அது எனக்குத் தெரியும்."

காரணம் தெரிஞ்ச பிறகு நம்புறதுக்கு விசுவாசம் எதுக்கு? கண்ணாடியில பழுப்புக் கண்ணைப் பார்த்த அந்தக் காலையில இருந்ததுதான் விசுவாசம்னு இப்போ தோணுது. எனக்கு அது இன்னும் முழுசா வரலை.

ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி பிளீச்சிங் பவுடர் போட்டு அந்தப் படியைத் தேய்ச்சு, கைப்பிடிக் கம்பியும் வச்சுட்டு வந்தேன். விசுவாசம் வேற, பாசி வேற :-)