வகுக்காமலே தெரிந்த முதன்மை எண்

நல்லதண்ணி
17.11.2024

அன்புள்ள தம்பிக்கு,

மழைதான் விடுகிறதாயில்லை. கடைவீதியில் யாத்திரை சீசனுக்குத் தகரம் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். டிசம்பர் போயா வந்துவிட்டால் மஸ்கெலியா பஸ்ஸில் நிற்கவும் இடமிருக்காது. அதற்கு முன் ஒருதரம் வந்துவிட்டுப் போ என்கிறாள் அம்மா.

அன்றைக்குப் போனில் கேட்டாயே, போன மாதம் அறிவித்த அந்தப் பெரிய முதன்மை எண்ணை யார் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தார்கள் என்று? யாரும் வகுக்கவில்லை, தம்பி. 2 இன் 136279841 ஆம் அடுக்கிலிருந்து 1 ஐக் கழித்தால் வருவது அது. 4 கோடியே 10 லட்சத்துக்கு மேல் இலக்கங்கள். பக்கத்துக்கு ஆயிரம் இலக்கம் என்று நுணுக்கி எழுதினாலும் 80 பக்கக் கொப்பி 513 வேண்டும். வகுத்துப் பார்ப்பதென்றால் உலகத்துக் கணினிகள் எல்லாம் சேர்ந்தாலும் நடக்காது.

லூகா என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கி, பிறகு அமெரிக்கரான லெமர் செம்மைப்படுத்திய ஒரு வழி இருக்கிறது. 2 இன் 5 ஆம் அடுக்கில் 1 குறைந்தால் 31. முதலில் 4 ஐ எடு. வர்க்கித்து 2 ஐக் கழி: 14. மறுபடி அதையே செய்: 194; அதை 31 ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்: 8. இன்னொரு தரம்: 62, மீதி பூச்சியம். அடுக்கைவிட 2 குறைவான தடவை செய்து பூச்சியம் வந்தால் முதன்மை எண்; வராவிட்டால் இல்லை. லூக் டுராண்ட் கண்டுபிடித்த அந்தப் பெரிய எண்ணையும் கடைசியில் உறுதிப்படுத்தியது இதே சோதனைதான்.

இனி 11 ஆம் அடுக்கைப் பார். 11 முதன்மை எண்தான், ஆனால் 2 இன் 11 ஆம் அடுக்கில் 1 குறைந்த 2047 அப்படியில்லை. ஒன்பது தடவை செய்தால் 1736 இல் வந்து நிற்கும். 23 ஐயும் 89 ஐயும் பெருக்கினால் 2047 என்பதை அந்த 1736 காட்டிக்கொடுக்காது. கொழுந்து மடுவத்துத் தராசு எடை குறைவு என்று சொல்லும். எந்த மலையில் சிந்தியது என்று சொல்லாதே, அதுபோலத்தான். எனக்கு இந்தக் கணக்கில் பிடித்ததே இந்த இடம்தான்.

ஆனால் இந்த வழி, 2 இன் அடுக்கில் 1 குறைந்த அந்த ஒரு வடிவ எண்களுக்கு மட்டும்தான். எந்த எண்ணைக் கொடுத்தாலும், அதிர்ஷ்டத்தையோ நிரூபிக்காத ஊகத்தையோ நம்பாமல், இலக்கங்கள் கூடக்கூட நேரம் கட்டுமீறிப் போகாமல் தீர்ப்புச் சொல்ல முடியுமா? 2002 இல் முடியும் என்று காட்டியவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யில் இருந்த மூன்று பேர்: மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. பின்னவர்கள் இரண்டு பேரும் அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்திருந்த பையன்கள். கட்டுரை ஒன்பதே பக்கம். நடைமுறையில் அதைவிட வேகமான சோதனைகள் இருப்பதால் அவர்கள் வழியை யாரும் அதிகம் ஓட்டுவதில்லை. இருந்தாலும் 513 கொப்பி எண்ணைவிட அந்த ஒன்பது பக்கத்தைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். அந்த எண்ணை இன்னொருவர் நாளைக்கே முந்திவிடலாம். வங்கிகள் முதன்மை எண்களால் தகவலைப் பூட்டுவதற்கும் அது உதவாது. அங்கே முந்நூறு இலக்கச் சொச்சமே தாராளம்.

நீ 7 ஆம் அடுக்கைச் செய்து பார். 127 வரும், ஐந்தே படி. கல்குலேட்டரைத் தொடாதே. நாலாவது படியில் 111 வராவிட்டால் முதலிலிருந்து தொடங்கு. வரும்போது அந்தத் தாளையும் கொண்டு வா. அப்பாவுக்கு ஹட்டனில் இருமல் மருந்து வாங்க மறக்காதே.

அன்புடன்,
அக்கா