அப்பா கேட்ட வாட்

நம் சங்கத்துத் தம்பிகளில் நாலைந்து பேர் இந்த ஆண்டு விளையாட்டு மடிக்கணினி வாங்கப் போகிறார்கள் என்று கேள்வி. மாலையில் சிற்றுண்டிச் சாலையில் அதே பேச்சுத்தான். 4060 போதுமா, 4070 வேண்டுமா என்று தேநீர் ஆறிப்போகும் வரை வாதாடுகிறார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் யாரோ என் முதுகில் வெந்நீர் ஊற்றுவது போல் இருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. அதை எழுதிக் கொடுத்துவிட்டால் மனப்பாரம் குறையும் என்கிறார் மலர் ஆசிரியர். அவருக்குப் பக்கம் நிரம்ப வேண்டும். எனக்குப் பாரம் இறங்க வேண்டும். இருவருக்கும் இலாபம்.

2023-ஆம் ஆண்டில் நான் தில்லிக்குப் படிக்க வந்தேன். என் தந்தையார் கோவைப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். கிணற்று மோட்டார் கருகிப்போனால் சுற்றுப்புறத்து விவசாயிகள் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். பட்டறைக்கு ஒரு லேத் வாங்க வேண்டும் என்று சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வைத்திருந்தார். அந்தப் பணத்தின் மேல்தான் என் கண் விழுந்தது.

"படிப்புக்குக் கணினி வேணுங்கப்பா. வகுப்புக்குத் தூக்கிக்கிட்டுப் போகோணும். நூலகத்துல நாள் முழுக்க உட்கார்ந்து எழுதோணும்" என்றேன். முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன், முக்கால் பொய். என் கண் முன்னால் நின்றதெல்லாம் 'சைபர்பங்க் 2077' என்னும் விளையாட்டின் மழை நனைந்த வீதிகள்தான். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. ஒரு இலட்சத்து எண்பதாயிரம் ரூபாயை என் கணக்கில் போட்டுவிட்டு, "லேத்து அடுத்த வருசம் பார்த்துக்கலாம் கண்ணு" என்றார்.

கணினி வந்தது. என்ன அழகு! பதினான்கு அங்குலத் திரை. ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலே எடை. விரற்கடைப் பருமன்கூட இல்லை. அதனுள்ளே ஆர்.டி.எக்ஸ். 4070 என்னும் வரைகலைச் சில்லு. என் அறைத்தோழன் லூதியானாக்காரன். அவனும் அதே மாதம் ஒன்று வாங்கினான். அதைக் கணினி என்று சொல்வதா, கருங்கல் பலகை என்று சொல்வதா? இரண்டரைக் கிலோ எடை. மின்சாரம் கொடுக்கும் அடாப்டரோ தனியே ஒரு செங்கல். உள்ளே இருந்ததும் 4060 தான். விலை எனக்கு ஆனதைவிட அறுபத்தைந்தாயிரம் குறைவு. பாவம், பையனுக்குப் பணவசதி இல்லை போலும் என்று மனத்துக்குள் இரக்கப்பட்டேன். அந்த இரக்கத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

டிசம்பர் மாத இரவொன்றில் இரண்டு கணினிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே விளையாட்டை ஒரே அமைப்பில் ஓட்டிப் பார்த்தோம். அவனுடையது நொடிக்கு 64 படம் காட்டியது, என்னுடையது 55. என்னால் நம்ப முடியவில்லை. 70-ஐ விட 60 பெரிதாக எப்படி முடியும்? ஏதோ மென்பொருள் கோளாறு என்று இரண்டு முறை எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டேன். 55 அசையவில்லை.

பிறகு 2024 மே வந்தது. அந்த மே மாதத்தைத் தில்லியில் கழித்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. வெயில் 45 டிகிரியைத் தாண்டிய நாட்கள் அவை. அறையில் மின்விசிறி அனலைத்தான் வாரி இறைத்தது. விடுதிப் போட்டியின் அரையிறுதி ஆட்டம் எங்கள் அறையில் நடந்தது. முதல் கால் மணி நேரம் எல்லாம் சரியாகவே போயிற்று. அப்புறம் என் திரை திக்கத் தொடங்கியது. எதிரி மூலையில் தெரிகிறான். நான் திரும்புவதற்குள் படம் ஒரு கணம் நின்று, மறுபடி நகரும்போது நான் தரையில் கிடக்கிறேன். கணினியின் விசிறிகள் கொசுக் கூட்டம் போல் கீச்சிட்டன. விசைப்பலகையின் மேல் வரிசையில் விரல் வைக்க முடியவில்லை. ஆட்டம் போயிற்று. குழுவினர் நால்வரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலை.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து அதே விளையாட்டை ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு மோட்டாருக்கு வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தவர், சத்தத்தைக் கேட்டு நிமிர்ந்தார்.

"என்ன கண்ணு, இந்தக் கத்துக் கத்துது? எத்தனை வாட்டு?"

"நாலாயிரத்து எழுபதுங்கப்பா" என்றேன், பழக்கத்தில்.

"அது பேரு கண்ணு. நான் வாட்டைக் கேட்டேன்."

எனக்குத் தெரியாது. ஒரு இலட்சத்து எண்பதாயிரம் கொடுத்து வாங்கிய பொருளுக்கு எத்தனை வாட் என்று எனக்குத் தெரியாது! பட்டறைக்கு வருகிற ஆறாம் வகுப்புப் பையன்கூடத் தன் வீட்டு மோட்டார் எத்தனை குதிரைத்திறன், எத்தனை ஆம்பியர் என்று சொல்லிவிடுவான்.

அன்றிரவு தேடினேன். வரைகலைச் சில்லின் கட்டுப்பாட்டு மென்பொருளிலேயே, கணினித் தகவல் என்னும் பகுதியில், அதிகபட்ச வாட் போட்டிருக்கிறது. என்னுடையது 65. லூதியானாவுக்குத் தொலைபேசி போட்டுக் கேட்டேன், அவனுடையது 140. நான் பொருளை வாங்கிய பக்கத்திலும் அந்த 65 இருக்கத்தான் செய்தது. கடைசி வரிகளில், சிற்றெழுத்தில். படிக்காதவன் நான்.

பிறகுதான் விஷயம் விளங்கிற்று. மடிக்கணினிக்கான 4070 சில்லை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் ஓட்டலாம். 4060-க்கும் அதே எல்லைதான். செயலி சும்மா இருக்கும் வேளையில் அதன் பங்கிலிருந்து இன்னும் 25 வாட் வரை கடன் வாங்கிக்கொள்ளவும் வழி உண்டு. எந்த அளவில் ஓட்டுவது என்று தீர்மானிக்கிறவர் கணினியைக் கட்டுகிறவர். அவர் எதைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்? வெப்பம் வெளியேறும் வழியைப் பார்த்துத்தான். சில்லு இழுக்கிற மின்சாரம் அத்தனையும் முடிவில் வெப்பமாகிவிடுகிறது. அதைச் செப்புக் குழாய்கள் வாங்கிக்கொண்டு ஓரத்துத் தகடுகளுக்குக் கடத்துகின்றன. குழாயின் உள்ளே இருக்கும் சிறிதளவு நீர் சூட்டில் ஆவியாகி மறுமுனையில் குளிர்ந்து திரும்புகிறது. நம் வீட்டு இட்லிப் பானையின் மூடியில் நீர் கோத்துச் சொட்டுவதில்லையா, அதே வேலைதான். உடம்பை மெலிதாக்க வேண்டும் என்று அந்தக் குழாயைத் தட்டையாக நசுக்கினால் அது சுமக்கும் வெப்பம் குறைகிறது. விசிறியைச் சிறிதாக்கினால் அதே காற்றைத் தள்ள அது வெகு வேகமாகச் சுற்ற வேண்டும், கீச்சிடுகிறது. தகடுகளுக்கு இடம் குறைந்தால் எல்லாமே குறைகிறது.

மே மாதத்துக் கதையும் இதுதான். என் சில்லு 87 டிகிரியை எட்டினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அறை 25 டிகிரியாக இருக்கும்போது சில்லுக்கும் காற்றுக்கும் இடையே 62 டிகிரி இறக்கம் கிடைக்கிறது. அறை 42 ஆனால் 45 டிகிரிதான். வெப்பம் வழிந்தோடுவதற்கு உள்ள சரிவில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது! மெல்லிய கணினியில் முன்பே மிச்சம் இல்லை. இருந்ததையும் வெயில் பிடுங்கிக்கொண்டது.

இதில் ஏமாற்று என்று எதுவும் இல்லை. அதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். 140 வாட் கொடுத்தால் 65 வாட்டைப் போல் இரண்டு மடங்கு வேகம் வருவதில்லை. வேகத்தைக் கூட்டக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். மின்செலவோ அழுத்தத்தின் வர்க்கமாக ஏறுகிறது. கடைசிப் பத்துப் படத்துக்குக் கொடுக்கிற விலை முதல் பத்துக்குக் கொடுத்ததைப் போல் பல மடங்கு. ஆகவே குறைந்த வாட்டில் ஓட்டுவது சிக்கனக்காரன் செய்கிற வேலை. என் சில்லு கொஞ்சத்தைத் தின்று நிறைய உழைத்தது; அதன் பெயர்தான் என் தலையைத் திருப்பிவிட்டது. மேசைக் கணினிக்கான 4090-க்கு 450 வாட். அதே பெயர் தாங்கிய மடிக்கணினிச் சில்லு உண்மையில் வேறு, சிறிய சில்லு. அதற்கு 150 வாட், கடனோடு 175. பெயரைப் பார்த்துப் பெண் எடுத்தவன் நான் ஒருவன் மட்டும் அல்ல என்று ஓர் ஆறுதல்.

இந்த இழுபறியின் இரண்டு கோடிகளையும் 2017-ஆம் ஆண்டில் உலகம் ஒருசேரப் பார்த்தது. ஏசர் நிறுவனத்தின் பிரிடேட்டர் 21 எக்ஸ் அந்த ஆண்டு வந்தது: 21 அங்குல வளைந்த திரை, இரண்டு ஜி.டி.எக்ஸ். 1080 சில்லுகள், ஐந்து விசிறிகள், இரண்டு அடாப்டர்கள், எட்டுக் கிலோவுக்கு மேல் எடை, ஏறத்தாழ 9,000 டாலர் விலை. மடியில் வைத்தால் மடி இருக்காது. அதே ஆண்டு ஆசுஸ் நிறுவனம் செஃபிரஸ் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அதிலும் 1080 தான். ஆனால் ஒன்று, அதுவும் வாட் குறைத்தது. பருமன் 17.9 மில்லிமீட்டர். மூடியைத் திறந்தால் அடிப்பாகம் தானே கொஞ்சம் பிளந்து காற்றுக்கு வழிவிடும். விசைப்பலகையை முன் விளிம்புக்கு இறக்கிவிட்டு, அதற்கு மேலே இருந்த இடம் முழுவதையும் குளிர்விப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். மணிக்கட்டுக்கு இடம் இல்லாமல் போகவே, தாங்கிக்கொள்ளத் தனியே ஒரு ரப்பர்ப் பலகை கொடுத்தார்கள்! எனக்கு அந்த ரப்பர்ப் பலகையின் மேல் ஒரு மதிப்பு உண்டு. விட்டுக்கொடுத்தது எது என்பதை மறைக்காமல் பெட்டியிலேயே வைத்து அனுப்பினார்கள் அல்லவா?

மின்கலத்தின் கதையை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகலாம் என்ற வரம்பு 100 வாட்-மணி. அதனால் பெரிய மடிக்கணினிகளின் மின்கலம் 99.9 என்று நின்றுவிடுகிறது. 200 வாட் இழுக்கிற கணினிக்கு அது அரை மணி நேரம். ஆகையால் மின்கலத்தில் விளையாடலாம் என்று எவரும் கனவு காண வேண்டாம்.

மறுநாள் காலை அப்பாவிடம் சொன்னேன். "அறுபத்தஞ்சு வாட்டுங்கப்பா."

"அதானே பார்த்தேன். அஞ்சு குதிரைன்னு தகட்டுல அடிச்சு, மூணு குதிரை உடம்புக்குள்ள அடைச்ச மோட்டாரை நீ இங்கேயே எத்தனை பார்த்திருக்கே?" என்றார். அப்புறம் கேட்டார்: "படிப்புக்கு இது போதுமில்ல?"

எனக்குத் தொண்டை அடைத்தது. போதும், போதுமென்ன, அதற்கென்றே செய்தது போல் இருந்தது. வகுப்புக்கு எடுத்துப் போக எடை தெரியவில்லை. நூலகத்தில் எட்டு மணி நேரம் மின்கலத்திலேயே ஓடியது, விசிறி மூச்சுக்கூட விடாமல். லூதியானாக்காரனுடைய கருங்கல் ஓராண்டில் ஒரு நாளாவது மேசையை விட்டு இறங்கவில்லை. நான் அப்பாவிடம் சொன்ன பொய்க்கு மிகப் பொருத்தமான கணினியை வாங்கியிருந்தேன். என் ஆசைக்குத்தான் அது பொருந்தவில்லை.

"படிப்புக்குன்னு சொன்னேனுங்க. விளையாடறதுக்குத்தான் வாங்கினேன்" என்று ஒரு வழியாகச் சொல்லிவிட்டேன்.

அப்பா கையில் இருந்த துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு எழுந்து போய், காயில் வரிகளை அடைக்கும் மூங்கில் ஆப்புகளில் பருமனான இரண்டை எடுத்துவந்து, கணினியின் பின்பக்கத்துக்கு அடியில் செருகினார். கீழே இருந்த காற்றுத் துளைகளுக்கு இப்போதுதான் மூச்சு கிடைத்தது. "ஓட்டு பார்க்கலாம்" என்றார்.

ஓட்டினேன். கால் மணி நேரத்தில் சூடு முன்னைவிட நாலைந்து டிகிரி குறைவாக நின்றது. அப்பா திரையைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, காதைக் கணினிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விசிறியைக் கேட்டார்.

"பேரிங் நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு வார்னிஷ் டப்பாவைத் திறந்தார்.