பலாக்கொட்டையும் என் பழைய பதிவும்

சின்னக்கானலில் பலா பழுக்கும் நாட்களில் யானைக்கும் மனிதருக்கும் ஒரே மரத்தின்மேல்தான் கண். எங்கள் பக்கத்துக் காட்டு யானை ஒன்றுக்குச் சக்கக்கொம்பன் என்ற பெயர் வந்ததே அதனால்தான். மலையாளத்தில் சக்க என்றால் பலா. யானை விட்டுவைத்த பழங்களின் கொட்டைகளைக் காயவைத்து எடுத்துவைப்பது என் சின்னம்மாவின் வழக்கம். அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று சென்ற ஆண்டு தெரியவந்தது.

மூன்றாம் சுற்று மருந்துக்குப் புறப்படுவதற்கு முந்தைய இரவு அவர் கேட்டார்: "ஏன் தம்பி, பலாக்கொட்டை புத்துநோய நிறுத்தும்னு நீதானே எழுதியிருந்த? இந்த ஊசிய விட்டுட்டு அதையே தின்னா ஆகாதா?"

கைப்பேசியில் என் பழைய பதிவின் முதல் இரண்டு வரிகள் மட்டும் இருந்தன. யாரோ வெட்டி அனுப்பியவை. ஆனால் வரிகள் என்னுடையவை. அன்று எழுதாமல் விட்டதை இன்று எழுதுகிறேன்.

பலாக்கொட்டையில் ஜாகலின் என்றொரு புரதம் உண்டு. சர்க்கரையைப் பற்றும் இத்தகைய புரதங்களை லெக்டின் என்கிறோம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயன் குழுவினர் 1996இல் இதன் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டனர். நான்கு அலகுகள் சேர்ந்த உரு அது. அலகுக்கு ஒன்றாகச் சர்க்கரையைப் பற்றும் இடம். ஆகவே ஓர் உயிரணுவின் மேலுள்ள பல ஏற்பிகளை ஒருசேரப் பிடிக்க இதனால் இயலும்.

நம் உயிரணுக்களின் ஏற்பிகள் பலவும் சர்க்கரைச் சங்கிலிகளைச் சுமப்பவை. இயல்பான குடல் உயிரணுவில் மறைந்திருக்கும் ஒரு சர்க்கரை இணை, புற்றணுக்கள் பலவற்றில் வெளியே தெரிகிறது. ஜாகலின் அதைப் பற்றுகிறது. ஆய்வகத்தில் வளர்த்த குடற்புற்று உயிரணுக்களின் பெருக்கம் அதனால் குறைந்ததை லிவர்பூல் ஆய்வாளர்கள் 2001இல் பதிவுசெய்தனர். நான் எழுதியது இவ்வளவே.

எழுதாதது இது: வேர்க்கடலையின் லெக்டினும் அதே சர்க்கரை இணையைத்தான் பற்றுகிறது. ஆனால் அது அத்தகைய உயிரணுக்களின் பெருக்கத்தைக் கூட்டியது. அந்தச் சர்க்கரையைச் சுமக்கும் சிடி44 என்ற ஏற்பியின் ஒரு வகையை அது பிடிக்கும்போது, மெட் என்னும் வளர்ச்சி ஏற்பி தூண்டப்படுகிறது. சர்க்கரை ஒன்றே, விளைவு நேர்மாறு. எந்தச் சர்க்கரை என்பதோடு, அது எந்த ஏற்பியின்மேல் இருக்கிறது, பிடித்தபின் உள்ளே எந்தச் செய்தி போகிறது என்பதும் தெரிந்தாக வேண்டும். ஆய்வகத் தட்டில் கண்டதைக் கொண்டு கடலையை ஒதுக்கவும் முடியாது, பலாக்கொட்டையை மருந்தாக்கவும் முடியாது.

மேலும், வேகவைத்தால் லெக்டினின் வடிவம் குலையும்; வடிவம் குலைந்தால் பற்றும் திறனும் போய்விடும். பச்சையாகத் தின்றாலோ வயிற்றுக்கு ஆகாது.

இவ்வளவையும் அடுப்பங்கரையில் அமர்ந்து சின்னம்மாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், "அப்ப கறிக்கு மட்டும்தானா?" என்றார்.

"கறிக்கு மட்டும்தான், சின்னம்மா."

மறுநாள் விடியுமுன் ஜீப்பில் மருத்துவமனைக்குப் போனோம். அந்தப் பழைய பதிவை நான் நீக்கவில்லை, அதன் முதல் வரியாக இதைச் சேர்த்திருக்கிறேன்: 'இது மருந்து அன்று, சிகிச்சையை நிறுத்தாதீர்கள்.' வெட்டி அனுப்புவோர் இனி அந்த வரியையும் சேர்த்தே அனுப்பட்டும்.