கடதாசிக்கும் அசூல்

நான் கோப்பை கழுவும் உணவகத்திலிருந்து பத்து நிமிட நடையில் கொலோன் நகரின் சேவரின் வீதி இருக்கிறது. 2014 இல் இங்கு வந்த புதிதில், இரவு வேலை முடிந்து ட்ராமுக்குப் போகும்போது அந்த வீதியால் நடப்பேன். நெருக்கமாக வீடுகள் நிற்கும் வரிசையில் ஓரிடத்தில் மட்டும் வேலியடைத்த பெரும் பள்ளம். ஏதோ கட்டட வேலை என்றுதான் நினைத்திருந்தேன். எங்களோடு சமையலறையில் நின்ற குர்திஷ்காரர்தான் ஒருநாள் சொன்னார்: "நகரசபையின் பழைய கடதாசிகள் எல்லாம் இங்கேதான் இருந்தன. கட்டடத்தோடு நிலத்துக்குள் போய்விட்டன."

அது நடந்தது 2009 மார்ச் 3 ஆம் திகதி, மதியம் இரண்டு மணியளவில். கீழே நிலக்கீழ் ரயிலுக்குத் தோண்டிய குழியின் சுவரில் பழுது. அதனூடாக நிலத்தடி நீரும் மண்ணும் உள்ளே பாய, மேலே நின்ற ஆவணக் காப்பகம் சரிந்தது. வேலையாட்கள் கத்திக் கூப்பிட்டதால் உள்ளே இருந்தவர்கள் ஓடித் தப்பினார்கள். பக்கத்து வீடுகளில் இருந்த இரண்டு இளைஞர்கள் இறந்துபோனார்கள்.

அந்தத் திகதியைக் கேட்டதும் எனக்கு மாத்தளன்தான் ஞாபகம் வந்தது. அன்று நாங்கள் அங்கே ஒரு தறப்பாளின் கீழ், பதுங்குகுழி வாசலில் இருந்தோம். அம்மாவின் மடியில் ஒரு பை. அதற்குள் எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், அக்காவின் பரீட்சைப் பெறுபேறு, வலிகாமம் வடக்கில் அம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்த காணியின் உறுதி. 1990 இல் நான் கைக்குழந்தையாக இருந்தபோது அந்தக் காணியை விட்டு வெளிக்கிட்டவர்கள் நாங்கள். பத்தொன்பது வருடம், எத்தனையோ இடப்பெயர்வு. பை மட்டும் கூடவே வந்தது. ஏப்ரலில் களப்பைக் கடந்தபோது அது தண்ணீருக்குள் போனது. அப்பா ஒரு கையால் என் தம்பியைப் பிடித்திருந்தார். மற்றக் கையில்தான் பை இருந்தது. எதை விடுவது என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை.

பிறகு நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போனதும், இரண்டு வருடத்தில் அதை விட்டு வெளிக்கிட்டதும் வேறு கதை. இங்கே விசாரணையில் முதல் கேள்வி, "உம்மிடம் என்ன ஆவணம் இருக்கிறது?" கையை விரித்தேன். கடதாசி இல்லாதவன் சொல்வது வெறும் கதை என்று அன்று விளங்கியது. அதனால்தானோ என்னவோ, அந்தப் பள்ளத்தைப் பற்றி அறிய ஆசை வந்தது. தெரிந்த அரைகுறை டொச்சை வைத்துக்கொண்டு லீவு நாட்களில் வாசிக்கத் தொடங்கினேன்.

இந்த நகரம் கடதாசியை மதித்த நகரம். 1396 இல் தொழிற்குழுக்கள் பிரபுக் குடும்பங்களின் ஆட்சியைக் கவிழ்த்து ஓர் உடன்படிக்கை எழுதின. பிரெஞ்சுக்காரர் வரும்வரை நானூறு வருடம் அதுதான் இங்கு சட்டம். 1406 இல் நகரசபைக்கு ஒரு கோபுரம் கட்டத் தீர்மானித்தார்கள். ஆவணங்களைப் பத்திரப்படுத்தவென்றே அதில் ஓர் அறை வைத்தார்கள். விழுந்த காப்பகத்தில் இருந்தவற்றை நிரையாக அடுக்கினால் ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர் வரும். 922 ஆம் ஆண்டுப் பத்திரம் தொடங்கி, அல்பேர்ட்டுஸ் மக்னுஸ் தன் கையால் எழுதியவை, எழுத்தாளர் ஹைன்றிக் பொல்லின் தாள்கள் வரை அதில் இருந்தன.

என்னை நிறுத்தியவை காணிப் பதிவேடுகள். எங்கள் ஊர்த் தோம்பு போல, யார் வீடு யாருக்கு விற்கப்பட்டது, யார் ஈடு வைத்தார் என்ற விபரங்கள் 1130கள் அளவிலிருந்தே இங்கு எழுதப்பட்டிருக்கின்றன. அதில் லோரன்ஸ் பங்கில் யூதர்களின் வீடுகளுக்கென்று தனியாக ஒரு புத்தகம். 1349 இல் அந்த யூதர்களைக் கொன்றார்கள். பிறகு திரும்பி வந்து குடியேறியவர்களை 1424 இல் நகரத்தை விட்டே துரத்தினார்கள். ஆனால் இந்த வீடு இன்னாருடையது என்று புத்தகம் இன்றும் சொல்கிறது. துரத்தியவர்களின் காப்பகமே துரத்தப்பட்டவர்களுக்குச் சாட்சியாக இருக்கிறது. இதை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

இரண்டாம் உலகப்போரில் நகரத்தின் நடுப்பகுதி தரைமட்டமானது. காப்பகத்தின் ஆவணங்களை முன்கூட்டியே வெளியே கொண்டுபோனதால் அவை தப்பின. குண்டுக்குத் தப்பியவை சமாதான காலத்தில், கவலையீனத்தால் விழுந்தன. எங்கள் யாழ். பொது நூலகம் 1981 இல் கவலையீனத்தால் எரியவில்லை. எரித்தார்கள். தொண்ணூற்றேழாயிரம் நூல்கள். இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லவரவில்லை. ஆனால் விழுந்த பிறகு இவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கவேண்டும்.

மண்ணையும் சேற்றையும் அள்ளி, கிட்டத்தட்ட தொண்ணூற்றைந்து வீதத்தை மீட்டார்கள். நனைந்த தாள்களை மீனை உறையவைப்பது போல உறையவைத்தார்கள், பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க. பிறகு உறைந்த நிலையிலேயே ஈரத்தை இழுத்துக் காயவைத்தார்கள். கிழிந்து துண்டானவை இலட்சக்கணக்கில். அவற்றுக்குக் 'கொலோன் செதில்கள்' என்று பெயர். அவற்றைக் கணினி கொண்டு பொருத்துகிறார்கள். 2021 இல் புதுக் கட்டடம் திறந்துவிட்டார்கள். திருத்துகிற வேலை இன்னும் பல பத்தாண்டுக்கு இருக்கிறதாம்.

அதற்கிடையில் மீட்ட தாள்களை எங்கே வைப்பது? ஜேர்மனி முழுவதிலும் இருபது வரையான காப்பகங்கள் இடம் கொடுத்தன. அவற்றுக்கு டொச்சில் வைத்த பெயர் 'அசூல் காப்பகங்கள்'. அந்தச் சொல்லைக் கண்டு நான் தனியே சிரித்தேன். கடதாசிக்கும் அசூல்! அதுவும் விசாரணை இல்லாமல்.

இன்னொன்றையும் செய்தார்கள். அந்தக் காப்பகத்தில் முன்பு ஆராய்ச்சி செய்தவர்களிடம், உங்களிடம் உள்ள போட்டோப் பிரதிகளைத் தாருங்கள் என்று கேட்டார்கள். தனித்தனி ஆட்களின் மேசை இலாச்சிகளில் நகரத்தின் துண்டுகள் கிடந்தன.

இதை வாசித்ததும் ரொறன்ரோவில் இருக்கும் பெரிய மாமாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். தாத்தா காணியைப் பங்கு பிரித்தபோது மாமாவும் பக்கத்தில் நின்றவர். "மாமா, உங்களிட்ட ஏதும் கொப்பி கிடக்குதோ?" என்று கேட்டேன். "முப்பது வருசத்துக் குப்பையடா, பார்க்கிறன்" என்றார். இரண்டு மாதம் கழித்து ஒரு கடித உறை வந்தது. அம்மாவின் உறுதியின் போட்டோப் பிரதி. மூன்று பக்கத்தில் ஒன்று மட்டும். ஓரத்தைக் கறையான் தின்றிருந்தது. ஆனால் உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெளிவாக இருந்தன.

ஊரில் காணிகளைப் பகுதி பகுதியாக விட்டபோதெல்லாம் அலுவலகங்களில் அம்மாவிடம் கேட்டது அந்த இலக்கத்தைத்தான். அவ அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறா. பதிவேட்டில் தேடுகிறார்கள். இன்னும் முடிவில்லை. ஆனாலும் முன்பெல்லாம் ரெலிபோனில் அழுகிறவ, இப்போது வேலிக்கு என்ன கதியால் நடுவது என்று கதைக்கிறா.

இதை வாசிக்கும் உங்களிடமும் ஒரு சூட்கேஸ் இருக்கும். கட்டிலுக்குக் கீழே, நிலவறையில், திறக்காமல். தயவுசெய்து திறந்து பாருங்கள். கடிதம், உறுதி, கலியாண அழைப்பிதழ், பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை, எதையும் எறிந்துவிடாதீர்கள். பிரதி எடுத்து இன்னொரு நாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்பிவையுங்கள். எங்களுக்கு நகரசபை இல்லை, கோபுரமும் இல்லை. சிதறிப்போனோம் என்று அழுகிறோம். சிதறிக் கிடந்தபடியால்தான் அந்த ஒரு பக்கம் தப்பியது.