இரவல் சில்லுகள்

திமிஷ்கு மாநகரின் உமையாப் பள்ளிவாசலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் நெஞ்சு நிமிரும். கலீஃபா வலீத் அவர்கள் கி.பி. 706இல் தொடங்கி 715இல் நிறைவெய்திய அம்மாளிகையின் சுவர்களில், பொன்னும் பச்சையுமாய் ஒளிரும் கண்ணாடிச் சில்லு ஓவியங்கள் உலகப் புகழ் வாய்ந்தவை. ஆயின், அக்கைவண்ணம் ரோமரிடமிருந்து வந்ததென்று ஒரு நூலில் படித்தபோது, நிமிர்ந்த நெஞ்சு சற்றே வாடியதை மறைப்பானேன்? நம் பெருமை இரவல் பெருமைதானோ என்ற கேள்வி பல நாள் உறுத்திற்று.

விடை தேடி, இத்தாலியின் ரவென்னா நகரில் பேரரசி கல்லா பிளாசிடியாவின் பெயரால் வழங்கும் ஐந்தாம் நூற்றாண்டுக் கட்டடத்தின் படங்களைப் புரட்டினோம். அங்கே ஈஸா நபி (அலை) அவர்களைத் தாடியற்ற இளம் இடையராகக் கிறிஸ்தவர் தீட்டியுள்ளனர். சுற்றிலும் ஆறு ஆடுகள். நபிமாரை உருவில் வடிப்பது நமக்கு ஒப்பானதன்று. எனினும் ஆராயும் நோக்கில் உற்றுப் பார்த்தோம்.

அவ்வுருவம் அவர்கள் புதிதாய்க் கண்டதன்று. ஆட்டைத் தோளில் சுமக்கும் மனிதனைக் கிரேக்கச் சிற்பிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செதுக்கினர். தலையைச் சூழ்ந்த ஒளிவட்டமோ, கதிரவக் கடவுளுக்கும் ரோம மன்னருக்கும் அணிவித்த பழஞ்சின்னம். சுவரிலே சுருண்டோடும் திராட்சைக் கொடியும் முன்னர் மதுத் தெய்வத்துக்கு உரியதாயிருந்ததே!

ஆக, எவரிடம் பெற்றோமென்று நாணினோமோ, அவர்களும் முன்னோரிடம் பெற்றவர்களே. சில்லும் சுண்ணமும் கைத்திறனும் எந்தச் சமயத்துக்கும் தனியுரிமையல்ல. எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்னும் தெளிவே ஒரு சமுதாயத்தின் சொந்தம். கிறிஸ்தவர் பழைய இடையனைக் கொண்டு, அவன் பொருளை மாற்றினர். திமிஷ்கில் நம் முன்னோர் மரத்தையும் ஆற்றையும் மாட மாளிகைகளையும் கொண்டு, மனிதனையும் விலங்கையும் அறவே தள்ளினர். நீரோரம் நெடுமரங்கள் நிற்கின்றன, மாளிகைகள் எழுகின்றன, ஆனால் ஒருவரையும் காணோம். சுவனச் சோலையின் சாயல் அதுவென்பர் அறிஞர் சிலர்.

1893இல் பள்ளிவாசலைப் பாழ்படுத்திய தீக்கும் தப்பி, அவ்வோவியத்தின் ஒரு பகுதி எஞ்சியிருக்கிறது. அதன் படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். இம்முறை நெஞ்சு வாடவில்லை.

நல்லதை எவரிடமிருந்தும் கற்கும் பணிவையும், கொள்கைக்கு ஒவ்வாததை விட்டுவிடும் உறுதியையும் வல்ல நாயன் நமக்கும் நம் மக்களுக்கும் ஒருசேர அருள்வானாக!