அத்தை சொல்லாத சங்கதி

தலைவலி, முழங்கால் வலி என்றால் நம் வீடுகளில் அண்டை வீட்டு மாமிக்குக்கூட விவரம் தெரிந்துவிடும். ஆனால் மலங்கழிக்கிற சமாசாரத்தை மட்டும் டாக்டரிடம்கூட வாய் திறந்து சொல்லக் கூசுவோம். இந்தச் சங்கோசம் சில சமயம் உயிருக்கே உலை வைத்துவிடுகிறது.

என் அத்தைக்கு முழங்கால் வலி. கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை மாதக் கணக்கில் விழுங்கி வந்தாள். திடீரென்று ஒரு வாரமாக அவளுக்குத் தள்ளவில்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது, முகம் வெளுத்துவிட்டது. "வயதாகிறதோல்லியோ!" என்று சமாளித்தாள். கூடத்தில் மயங்கி விழுந்த பிறகு, ஆஸ்பத்திரியில் டாக்டர் துருவித் துருவிக் கேட்டதில்தான் உண்மை வெளிவந்தது. நாலைந்து நாட்களாக மலம் தார் போலக் கறுப்பாகப் போயிற்றாம்.

"ஏன் அத்தை சொல்லவில்லை?" என்றேன்.

"இதைப் போய் யாரிடமடி சொல்வது?" என்றாள்.

இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ கசிகிற ரத்தம், கீழே வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் கறுத்துப் பிசுபிசுத்து, தனி நாற்றம் கொண்டுவிடும். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் அது தார் போல ஒட்டாது. எது எது என்று தீர்மானிக்க வேண்டியவர் டாக்டர்.

அத்தைக்கு ரத்தம் ஏற்றினார்கள். வாய் வழியாக மெல்லிய எண்டாஸ்கோப் குழாயைச் செலுத்திப் பார்த்தபோது, சிறுகுடலின் முகப்பில் ஒரு புண் தெரிந்தது. குழாய் வழியாகவே மருந்தை ஊசியால் செலுத்தி, சின்னஞ்சிறு கிளிப் ஒன்றையும் மாட்டி ரத்தத்தை நிறுத்திவிட்டார்கள். வயிற்றில் கத்தி படவேயில்லை!

இத்தகைய புண்ணுக்கு நாம் மிளகாயையும் கவலையையும் பழிக்கிறோம். பெரும்பாலும் காரணம் வலி மாத்திரை அல்லது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. 1984-இல் பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கிருமி இருந்தால் அதை ஒழிக்க மருந்து உண்டு.

சிவப்பு ரத்தம் கண்டால், "மூலம்தான்" என்று நாமே முடிவு கட்டுகிறோம். அநேகமாக அப்படியே இருக்கலாம். ஆனால் பெருங்குடலின் உட்சுவரில் முளைக்கிற பாலிப் என்ற சதை வளர்ச்சியும் ரத்தம் கசியும். அவற்றில் சில, வருஷக் கணக்கில் வளர்ந்து புற்றுநோயாக மாறக்கூடும். முன்பே கண்டுகொண்டால், ஆசனவாய் வழியாகக் குழாய் செலுத்தி, கம்பிச் சுருக்கால் அறுத்தெடுத்துவிடலாம்.

ஆகையால் சகோதரிகளே, வலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நீடித்துச் சாப்பிடாதீர்கள். இருதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தாமாக அதை நிறுத்தவும் வேண்டாம். தார் போன்ற மலமோ, ரத்த வாந்தியோ, காப்பிப் பொடி போன்ற வாந்தியோ கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டுப் பெரியவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். முகம் வெளுத்து, களைத்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே கேட்டுவிடுங்கள்.