பீங்கான் ஊரில் ஒரு கிடார்

எங்கள் விருத்தாசலத்துப் பீங்கான் கூடம் ஒன்றில் ஃபியூஸ் கட்டைகள் செய்யும் இளைஞன் ஒருவன், என் பழைய மாணவன். தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து எலெக்ட்ரிக் கிடார் வாங்கப் போவதாக வீட்டில் அறிவித்துவிட்டான். விலை பத்தாயிரம் ரூபாய்க்குள். அவனுடைய அத்தா என்னைத் தேடி வந்தார். "அந்த விலைக்குக் குப்பைதான் கிடைக்கும் என்று நீங்கள் சொல்லுங்கள், ஹஜ்ரத். உங்கள் சொல்லுக்குக் கட்டுப்படுவான்" என்றார்.

மார்க்கத் தீர்ப்பை அவர் கேட்கவில்லை. ஒரு சாட்சியத்தைக் கேட்டார். அறியாத பொருளைப் பற்றிச் சாட்சியம் சொல்வது எங்ஙனம்? விசாரித்தேன்.

இக்கருவியைப் பெருமளவில் தொழிற்சாலையில் உற்பத்தி செய்து வெற்றி கண்டவர் அமெரிக்காவின் லியோ ஃபெண்டர். ரேடியோ பழுது பார்ப்பவராக இருந்த அவருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாதாம்! 1950-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கிடாரின் உடல், உட்குடைவற்ற மரப்பலகை. கழுத்துப் பகுதி பசையால் ஒட்டப்படாமல் திருகாணியால் பொருத்தப்பட்டது. செய்வதும் எளிது, செப்பனிடுவதும் எளிது. ஆக, சிக்கனம் இக்கருவியின் பிறப்பிலேயே இருக்கிறது.

எஃகுத் தந்தி அதிரும்போது, அதன் கீழுள்ள காந்தத்தைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் உண்டாகிறது. அதனை ஆம்ப்ளிஃபயர் ஒலியாக்குகிறது. விலை குறைந்த கிடார்களில் பெரும்பாலும் இருப்பது செராமிக் காந்தம். இரும்பு ஆக்சைடுடன் பேரியம் அல்லது ஸ்ட்ரான்ஷியம் கார்பனேட்டைச் சேர்த்து, அச்சில் அழுத்தி, 1000 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் சுடுகிறார்கள். "காந்தமும் நம் சூளைச் சரக்குதான், ஹஜ்ரத்" என்று பையன் சொன்னபோது அவன் முகத்தில் தோன்றிய பெருமிதத்தை நான் இரசித்தேன். நிக்கலும் கோபால்ட்டும் கலந்த அல்னிக்கோ காந்தம் விலை கூடியது. ஓசையிலும் வேறுபாடு உண்டு. ஆயினும் செராமிக் காந்தம் மட்டமானதன்று. விலையுயர்ந்த சில கிடார்களிலும் அது உண்டு.

மலிவின் குறைகள் வேறிடத்தில் உள்ளன. கழுத்தில் பதித்த உலோகக் கம்பிகளின் முனை விரலைக் கீறலாம்; தந்திகள் அதிக உயரத்தில் நிற்கலாம்; முறுக்காணிகள் நழுவிச் சுருதி கலையலாம். இவற்றுட் பலவற்றைக் கைத்தேர்ந்தவர் ஒருவர் சீர்செய்துவிடுவார். ஆம்ப்ளிஃபயருக்கும் இணைப்புக் கம்பிக்கும் தனிச் செலவு உண்டு என்பதைப் பையன் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. காதொலிப்பான் செருகும் வசதியுள்ள சிறிய ஆம்ப்ளிஃபயராயின், பரீட்சைக்குப் படிக்கும் தங்கைக்கும் அண்டை வீட்டாருக்கும் தொல்லையில்லை.

அத்தாவிடம் உள்ளதைச் சொன்னேன். நான்கு மத்ஹபுகளின் அறிஞர்களிற் பெரும்பான்மையோர் நரம்புக் கருவிகளைத் தடுத்துள்ளனர். குர்துபாவின் இப்னு ஹஸ்மோ, தடைக்குக் காட்டப்படும் அறிவிப்புகள் பலமற்றவை என வாதிட்டு அனுமதித்தார். என் மனம் பெரும்பான்மையோர் பக்கம். "தடுப்பதானால் மார்க்கத்தைச் சொல்லித் தடுங்கள், பாய். பொருள் குப்பை என்று பொய் சொல்ல வேண்டாம். சூளையில் வேலை செய்பவன் அதை நொடியில் கண்டுகொள்வான். பிறகு நாம் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டான்."

அவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு மகனை அழைத்துத் தம் விருப்பமின்மையையும் அதன் காரணத்தையும் மறைக்காமல் கூறினார். பையன் இரண்டு மாத அவகாசம் கேட்டிருக்கிறான். இரு தரப்பு வாதங்களையும் என்னிடம் பாடமாகக் கேட்க, வாரந்தோறும் வெள்ளிக்கிழமை மாலை வருகிறான்.